பஸ்தார் காட்டின் ரைலி டசர் பட்டுப்பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைலி என்பது எந்தப் பூச்சி?

இந்தியாவின் வெப்பமண்டல டசர் பட்டைத் தருவது ஆன்தீரியா மைலிட்டா என்ற காட்டு அந்துப்பூச்சி. 1773இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ட்ரூரி பெயரிட்ட இந்த இனத்துக்குள் ஊருக்கு ஊர், காட்டுக்குக் காடு வேறுபட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சத்தீஸ்கரின் பஸ்தார் பகுதிச் சால் மரக் காடுகளில் தானாகவே வாழும் வகைதான் ரைலி. டசருக்கு அங்கே 'கோசா' என்று பெயர். சந்தையில் "ரைலி கோசா" என்று கேட்டால் காட்டிலிருந்து பொறுக்கி வந்த, அடர் சாம்பல் நிறமான, கல் போல இறுகிய கூட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இது தனித் துணை இனமா?

வகைபாட்டு விதிகளின்படி இல்லை. பட்டுத்துறையில் இவற்றைச் 'சூழல் இனங்கள்' என்கிறார்கள். ஜார்கண்ட் சிங்பூமின் டாபா, ஒடிசாவின் சுகிந்தா, சிமிலிபால் மலையின் மோடல், மகாராஷ்டிரத்தின் பண்டாரா, தெலங்கானா பக்கத்து 'ஆந்திரா லோக்கல்' எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே குரோமோசோம் எண்ணிக்கைதான், 31 ஜோடி. கூண்டில் சேர்த்து விட்டால் ஒன்றோடொன்று இணைந்து, வளம் உள்ள குஞ்சும் பொரிக்கும். ஆனால் கூட்டின் எடை, ஓட்டின் கடினம், ஆண்டுக்கு எத்தனை தலைமுறை, எந்த மரத்தை விரும்பும் என்ற நான்கிலும் இவை தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு வருகிறது. இணைய முடியும் என்பதாலேயே இவை எளிதில் கலந்துபோகும். ரைலி வாழும் காட்டின் ஓரத்தில் டாபா முட்டையைக் கொண்டுவந்து வளர்த்தால் தப்பிப் பறக்கும் ஆண் பூச்சிகள் காட்டுப் பெண்களைத் தேடிப் போகும். சில தலைமுறைகளில் ரைலியின் தனித்தன்மை கரைந்துவிடும். எனவே ரைலிப் பகுதிக்குள் வேறு வகை விதையை, அதாவது முட்டையையோ கூட்டையோ, கொண்டுவரவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எங்கே கிடைக்கும்? எங்கே எல்லை முடிகிறது?

பஸ்தார், கோண்டாகாவ், காங்கேர், நாராயண்பூர், தந்தேவாடா, பீஜாபூர், சுக்மா என்ற ஏழு மாவட்டங்களைக் கொண்ட பஸ்தார் கோட்டம்தான் இதன் வீடு. ஜக்தல்பூரைச் சுற்றிய பீடபூமி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரம். சால் மரம் அடர்ந்த இடங்களில் ரைலியும் அடர்ந்திருக்கும். தெற்கிலும் மேற்கிலும் சால் குறைந்து தேக்கு கலக்கத் தொடங்கினால் கூடுகளும் அருகிவிடும். அதற்கு அப்பால் கோதாவரிப் பக்கம் கிடைக்கும் டசர், மருத மரங்களை நம்பி வாழும் வேறு வகை.

என்ன இலை தின்னும்?

முதன்மையாகச் சால். அடுத்து கருமருது, அதாவது அங்குள்ளவர்கள் 'சாஜா' என்று சொல்லும் மரம். வெக்காளி, இலந்தை, நாவல் ஆகியவற்றிலும் புழுக்களைப் பார்க்கலாம். நீர்மருது கொடுத்தாலும் தின்னும். ஆனால் சால் தின்ற புழுவின் கூடுதான் கனமாக வரும்.

எந்த மரமானாலும் இலையின் வயது முக்கியம். பிறந்த புழுவுக்குத் தளிரும் இளம் இலையும் வேண்டும். புழுவின் கடைசி வளர்ச்சிப் பருவத்துக்கு முற்றிய இலை வேண்டும். குஞ்சுகளை முற்றிய சால் இலையில் விட்டால் கடிக்க முடியாமல் அலைந்து கீழே விழும், எறும்பு தூக்கிப் போகும். முதல் பருவ இழப்பில் பெரும்பங்கு இப்படித்தான் நடக்கிறது.

ஆண், பெண் எப்படி அடையாளம் காண்பது?

உணர்கொம்பைப் பாருங்கள். ஆணுக்கு அகன்ற இறகு போல விரிந்திருக்கும், பெண்ணுக்கு ஒடுங்கியிருக்கும். ஆண் பெரும்பாலும் செம்பழுப்பு. பெண் சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருக்கும், வயிறு பருத்திருக்கும், இறக்கை விரிப்பு 15 சென்டிமீட்டரைத் தாண்டும். நான்கு இறக்கைகளிலும் ஒவ்வொரு வட்டக் கண் இருக்கும். அதன் நடுவில் செதில் இல்லாத ஒளி ஊடுருவும் பகுதி உண்டு. இருவருக்குமே உணவு உண்ணும் வாயுறுப்பு கிடையாது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பில்தான் ஒரு வாரம், பத்து நாள் வாழ்க்கை.

ஆண்டுக்கு எத்தனை தலைமுறை?

உயரத்தைப் பொறுத்தது. ஆன்தீரியா மைலிட்டாவுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு: 300 மீட்டருக்குக் கீழே 3, 300 முதல் 600 வரை 2, அதற்கு மேலே 1. பஸ்தாரில் தாழ்வான காடும் உயர்ந்த மேடும் அருகருகே இருப்பதால் ரைலியில் மூன்று வகையும் கலந்தே இருக்கின்றன. ஒரே கூடைக் கூட்டிலிருந்து பூச்சிகள் ஒன்றாக வெளிவராமல் வாரக்கணக்கில் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரும்பாலானவை ஜூன் இறுதியில் மழை பிடித்ததும் வெளிவரத் தொடங்கும். முதல் தலைமுறைக் கூடு ஆகஸ்ட், செப்டம்பரில். இரண்டாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்தக் கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழு அடுத்த மழை வரை உறங்கும். குளிர், வெயில் இரண்டையும் உணவே இல்லாமல் ஆறேழு மாதம் தாண்டுவது இந்த உறக்கத்தால்தான்.

முட்டையிலிருந்து கூடு வரை எவ்வளவு நாள்?

ஒரு பெண் 150 முதல் 250 முட்டை இடும். முட்டை பழுப்பு, சற்றுத் தட்டை, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 8 முதல் 10 நாளில் பொரிக்கும், அதுவும் விடிகாலையில். பொரித்த புழு மங்கிய பழுப்பு மஞ்சள். ஓரிரு நாளில் பச்சை ஏறும். நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடக்கும். மழைக்காலத் தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும், குளிர்காலத்தில் இரு மாதம்கூட ஆகும். வளர்ந்த புழு 12 சென்டிமீட்டரைத் தாண்டும். பச்சையே வழக்கம் என்றாலும் மஞ்சள், நீலம், வெளிர் நிறப் புழுக்களும் பிறக்கும். அவை நோயாளிகள் அல்ல, மரபு நிற வேறுபாடுகள். பக்கவாட்டில் வெள்ளிப் புள்ளிகள் மின்னினால் பயப்பட வேண்டாம், அவையும் இயல்பே.

கூட்டுக்கு ஏன் காம்பு இருக்கிறது?

இந்தப் பூச்சியின் வாழ்க்கையிலேயே நாங்கள் மிகவும் மதிக்கும் வேலை இது. கடைசிப் பருவப் புழு வயிற்றைக் காலி செய்துவிட்டு இரண்டு மூன்று இலைகளை நூலால் இழுத்துத் தொட்டில் போலக் கட்டும். உடனே கூட்டைத் தொடங்காது. இலையிலிருந்து குச்சிக்கு ஏறி, குச்சியைச் சுற்றி நூலை வளைத்து ஒரு வளையம் போடும். வளையத்திலிருந்து கீழ்நோக்கி, முன்னும் பின்னும் நடந்து, நூலின் மேல் நூல் ஏற்றிச் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு உறுதியான காம்பு செய்யும். அதன் பிறகுதான் தொட்டிலுக்குள் இறங்கிச் சுவர் எழுப்பும்.

காரணம் எளிது. கருமருது கோடையில் இலையை முழுக்கக் கொட்டிவிடும், சாலும் பழைய இலையை மாற்றிக்கொள்ளும். இலையில் மட்டும் ஒட்டிய கூடு தரையில் விழுந்தால் எலிக்கும் கரையானுக்கும் தீக்கும் இரை. குச்சியைப் பிடித்த கூடு அடுத்த மழை வரை காற்றில் தொங்கும். அதனால் கூட்டைப் பறிக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். வளையத்துக்கு இருபுறமும் குச்சியைக் கத்தரியுங்கள். இனப்பெருக்கத்துக்கு வைக்கும் விதைக்கூட்டைக் காம்பு முறிந்தால் தொங்கவிடவும் முடியாது.

சுவர் முடியும் தறுவாயில் புழு ஒரு வெண்மையான திரவத்தை உள்ளே கழித்து, அதைச் சுவரில் ஊறவைக்கும். அதில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. காய்ந்ததும் கூடு இறுகுகிறது. ரைலி கூட்டை நகத்தால் தட்டினால் ஓசை வருவது இதனால்தான்.

அவ்வளவு கடினமான கூட்டைப் பூச்சி எப்படித் திறக்கிறது?

பூச்சியின் வாய்ப்பகுதியில் கோகூனேஸ் என்ற நொதி சுரக்கும். காம்புப் பக்க முனையில் அதைக் கசியவிட்டு, நூல்களை ஒட்டிவைத்திருக்கும் செரிசின் பசையை இளக்கும். நூல் அறுபடாது, விலகி வழிவிடும். அந்த முனை ஈரமாகத் தெரிந்தால் அன்று மாலையே பூச்சி வரும். சூரியன் சாய்ந்த பிறகுதான் பெரும்பாலும் வெளிவரும். அந்த நேரத்தில் கூட்டைத் தொடுவதோ வெட்டி உதவுவதோ வேண்டாம். 

ரைலியை ஏன் பண்ணையில் வளர்க்க முடிவதில்லை?

டாபாவைப் பல தலைமுறைகளாக மனிதக் கண்காணிப்பில் வளர்த்து அரைவாசி பழக்கிவிட்டார்கள். ரைலியில் அது நடக்கவில்லை. முயலும் இடங்களில் வழக்கமாகத் தடுக்கும் விஷயங்கள் இவை. பூச்சிகள் ஒரே காலத்தில் வெளிவருவதில்லை. ஆண்கள் முந்திக்கொண்டு வந்து, பெண்கள் வரும்போது பாதி ஆண்கள் இறந்திருக்கும். கூண்டுக்குள் இணையும் விகிதம் குறைவு, பெண் சுவரில் மோதியே இறக்கையைக் கிழித்துக்கொள்ளும். இணையாத பெண்ணும் முட்டை இடும், ஆனால் அது பொரிக்காது. பொரித்தாலும் புழுக்கள் வைத்த செடியில் நிற்காமல் உயரத்தை நாடி அலையும்.

ராஞ்சி அருகே நக்ரியில் 1964 முதல் இயங்கும் மத்திய டசர் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் இதில் பாடுபட்டிருக்கின்றன. ரைலிக்குக் கைகொடுத்தது காட்டை விட்டு வெளியே எடுக்காமல் காட்டுக்குள்ளேயே பெருக்கும் முறைதான்.

காட்டுக்குள் பெருக்குவது என்றால் என்ன செய்ய வேண்டும்?

விதைக்கூடு அதே காட்டுப் பகுதியிலிருந்து வர வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, வேறு உயரத்திலிருந்து வந்த கூடு வேறு நேரத்தில் வெளிவந்து உள்ளூர்ப் பூச்சியோடு சேராமல் போகலாம்.

மழைக்கு முன் சால் காட்டின் நடுவே, முளைத்து எழுந்த இளஞ்சால் நிறைந்த இடமாகப் பார்த்து, கூரை வேய்ந்து பக்கம் திறந்த ஒரு பந்தல் போடுங்கள். கூடுகளைக் காம்பால் கோத்து மாலையாகத் தொங்கவிடுங்கள். சூரியன் சாய்ந்த பின் வெளிவரும் ஆண்களைப் பறக்கவிடலாம். பெண் பந்தலிலேயே அமர்ந்து மணம் பரப்பும். வெளிக்காட்டு ஆண்களும் தேடி வரும். கூண்டில் குறைவாக நடக்கும் இணைவு இங்கே நன்றாக நடப்பதற்கு அதுதான் காரணம்.

இணைந்த ஜோடியை மறுநாள் காலை வரை தொந்தரவு செய்யாதீர்கள். பிரிந்த பின் ஒரு பகுதிப் பெண்களை அப்படியே காட்டில் விடுங்கள். மீதிப் பெண்களின் இறக்கையைக் கத்தரித்து, தனித்தனி வலைப்பையில் போட்டு நிழலில் வையுங்கள். முதல் 3 நாள் இட்ட முட்டையை மட்டும் எடுங்கள். அதன்பின் வருவது கொஞ்சம், தரமும் குறைவு.

பொரிக்கும் நாளில் முட்டைகளைச் சால் இலைத் தொன்னையில் போட்டு, தளிர் இருக்கும் கிளையில் முள்ளால் குத்தி வையுங்கள். ஒரு தொன்னைக்கு ஒரு தாயின் முட்டை. ஒரே இளமரத்தில் பல தொன்னைகள் வைத்தால் இலை தீர்ந்து புழு இறங்கி நடக்கும், நடக்கும் புழு பெரும்பாலும் இழந்த புழுதான். தொன்னை வைக்கும் முன் அந்த மரத்தில் செவ்வெறும்புக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு மரம்.

விதைக்கூட்டை எப்படித் தேர்ந்து சேமிப்பது?

காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். உயிருள்ள கூட்டுப்புழு கனமாக, மந்தமாக இடிக்கும். கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே காய்ந்து செத்துவிட்டது. ஓட்டை, கறை, நாற்றம், மெலிந்த ஓடு உள்ளவற்றைத் தள்ளுங்கள். கூடு கட்டத் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் ஆகும் முன் பறித்த கூடு விதைக்கு ஆகாது. உள்ளே புழு இன்னும் கூட்டுப்புழுவாக மாறியிருக்காது, அசைவில் அடிபட்டுச் சாகும்.

சேமிப்பில் கோடைதான் எதிரி. காற்றோட்டமான, தடித்த கூரை உள்ள அறையில் தொங்கவிட்டு, ஜன்னலில் ஈரச்சாக்கு போடுங்கள். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் சாவு ஏறும். தப்பியவற்றிலும் ஆணின் இனப்பெருக்கத் திறன் கெடும். நடுவில் பெய்யும் கோடைமழையில் சில பூச்சிகள் அவசரப்பட்டு வெளிவரும். அப்போது காட்டில் தளிர் இருக்காது, அவை வீண். எலி, பல்லி, எறும்பு நுழையாத வலைக்கதவு கட்டாயம்.

பெப்ரின் சோதனை காட்டு ரைலிக்கும் தேவையா?

தேவை. பெப்ரின் என்பது நொசிமா என்ற நுண்ணுயிரியால் வரும் நோய், தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். மருந்து இல்லை. முட்டையிட்டு முடித்த தாயின் வயிற்றுப் பின்பகுதியை நீர்த்த பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் அரைத்து, 600 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். நீள்வட்டமாக, பளபளக்கும் வித்துகள் தெரிந்தால் அந்தத் தாயின் முட்டை முழுவதையும் எரிக்க வேண்டும். பாதியை வைத்துக்கொள்வது என்ற பேச்சே கிடையாது. இதற்காகத்தான் ஒரு தாய்க்கு ஒரு பை என்று பிரித்து வைக்கச் சொன்னோம்.

பறக்கவிட்ட பெண்களைச் சோதிக்க முடியாது. ஆகவே சோதித்தவற்றில் நோய் அதிகம் தெரிந்தால், அந்தக் கூடைக் கூடுகளை அந்தக் காட்டில் விடுவதையே நிறுத்துங்கள்.

புழு செத்துக் கிடக்கிறது. காரணத்தை எப்படி அறிவது?

பின்பக்கக் காலால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தால் வைரஸ். நறுக்கினால் நடுக்குடல் வெளுத்திருக்கும். எச்சம் ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாகத் தொங்குவது, மலவாய் அடைத்துக்கொள்வது, பின்குடல் வெளியே பிதுங்குவது ஆகிய மூன்றும் பாக்டீரியா நோயின் முகங்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாட்களில் இது கூடும். உடல் இறுகி வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சை, இது குளிரும் ஈரமும் சேரும் காலத்து வேலை.

செத்ததைக் கையால் தொட்டுவிட்டு உயிருள்ளதைத் தொடாதீர்கள். குச்சியால் எடுத்துக் குழியில் புதையுங்கள். பந்தல் தரையில் ஒரு பங்கு ப்ளீச்சிங் பவுடரும் ஒன்பது பங்கு சுண்ணாம்பும் கலந்து தூவலாம். காட்டுத் தரை முழுக்கத் தூவ வேண்டாம்.

கூட்டில் ஓட்டை இருக்கிறது. பூச்சி வெளிவந்துவிட்டதா?

இடத்தைப் பாருங்கள். காம்பு முனையில் நூல் விலகிய பெரிய வாய் என்றால் பூச்சி போய்விட்டது. வேறு இடத்தில் சிறிய, வட்டமான துளை என்றால் ஒட்டுண்ணி. ஊஜி ஈ வளர்ந்த புழுவின் தோலில் முட்டை ஒட்டும். அதன் புழு உள்ளே நுழைந்த இடத்தில் கறுத்த தழும்பு விழும், பின்னர் கூட்டைத் துளைத்து வெளிவந்து மண்ணில் புகும். மஞ்சள் குளவி வேறு வகை. கூடு இன்னும் மென்மையாக இருக்கும்போதே ஊசி போன்ற உறுப்பைச் செருகி உள்ளே முட்டையிடும். தழும்புள்ள புழு கட்டிய கூட்டை விதைக்கு வைக்காதீர்கள்.

ரைலி நூல் டாபா நூலிலிருந்து எப்படி வேறுபடும்?

ரைலி கூடு சிறிய கோழி முட்டை அளவு இருக்கும். ஓடு மட்டும் 2 முதல் 3 கிராம், டாபாவில் பெரும்பாலும் 2 கிராமுக்குள். மல்பெரிப் பட்டு இழை 2 அல்லது 3 டெனியர் (இழையின் தடிமனைக் குறிக்கும் அளவு) என்றால் டசர் இழை 8 முதல் 12 வரை. நூல் கூடுதலாகக் கிடைத்தாலும் வேகவைப்பது சிரமம். சோப்பும் சோடாவும் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் ரைலி ஓடு சீராக இளகாது. வெளிப்படலம் கரையும்போது உள்படலம் அப்படியே இருக்கும், நூல் அறுந்துகொண்டே வரும். அவசரத்தில் சோடாவைக் கூட்டினால் இழையே பலம் இழக்கும். பூச்சி வெளிவந்த கூட்டை நூலாக இழுக்க முடியாது. கையால் நூற்று 'கீச்சா' நூலாக்குவார்கள். சத்தீஸ்கரின் சாம்பா ஊர் நெசவாளர்களின் கோசா புடவைகளில் இரண்டு நூலும் பயன்படும்.

கூடுகளை எண்ணி விற்கும் பழைய கணக்கும் தெரிந்திருப்பது நல்லது: 80 கூடு ஒரு 'பண்', 16 பண் சேர்ந்தது ஒரு 'காஹன்', அதாவது 1280 கூடு.

காட்டிலிருந்து கூடு எடுப்பது சட்டப்படி சரியா?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள் பட்டியலில் டசரையும் பட்டுக்கூட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தக் காட்டில் உரிமை பெற்ற பழங்குடியினரும் மரபுவழி வனவாசிகளும் சேகரிக்கலாம், விற்கலாம். சுற்றுலாப் பயணிக்கு அந்த உரிமை இல்லை.

ரைலி குறைவதற்கு எது காரணம்?

முதல் தலைமுறைக் கூட்டையே முழுக்க எடுத்து விற்பது முதல் காரணம். ஆகஸ்ட், செப்டம்பர் கூட்டிலிருந்துதான் அடுத்த தலைமுறை வர வேண்டும். உயரமான கிளையை எட்ட முடியாமல் கிளையையே வெட்டுவது இரண்டாவது. மார்ச், ஏப்ரலில் மகுவா (இலுப்பை வகை மரம்) பூப்பொறுக்கத் தரையைச் சுத்தம் செய்ய வைக்கும் தீ மூன்றாவது. தாழ்ந்த புதரில் தொங்கும் உறங்கும் கூடுகள் அதில் வெந்துபோகின்றன. மரத்தடியைத் துடைப்பத்தால் பெருக்கிப் பூப்பொறுக்கும் இடங்களில் இந்தச் சேதம் இல்லை. மாற்றுவதற்கு மிக எளிதானதும் இதுதான்.

தமிழ்நாட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். சால் காடு இங்கே இல்லை. காவிரிக் கரையில் நீர்மருது நிறைய இருக்கிறதே என்று கேட்பார்கள். புழு அதைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் இதற்கு மிக நெருங்கிய காட்டு டசர், பொதுவாக ஆன்தீரியா பாஃபியா என்று குறிக்கப்படுவது, ஏற்கெனவே வாழ்கிறது. வெளியிலிருந்து கொண்டுவருவது அதோடு கலக்கும், நோயையும் கொண்டுவரும். ஆர்வம் இருந்தால் உங்கள் ஊர் இலந்தையிலும் மருதத்திலும் காம்புள்ள கூடு தொங்குகிறதா என்று தேடிப் பாருங்கள்.

வீட்டு விளக்குக்கு ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்தது. டசரா?

இறக்கையின் கண்ணைப் பாருங்கள். வட்டமான ஒளிச்சாளரமும் அதைச் சுற்றி வளையங்களும் இருந்தால் டசர் வகை. சாளரம் முக்கோணமாகவும் முன்னிறக்கை நுனி பாம்புத்தலை போல வளைந்தும் இருந்தால் அட்டாகஸ் என்ற அட்லஸ் அந்துப்பூச்சி. வெளிர்பச்சையில் நீண்ட வால் இருந்தால் ஆக்டியாஸ் என்ற நிலா அந்துப்பூச்சி. எதுவானாலும் விளக்கை அணைத்துவிட்டால் சற்று நேரத்தில் பறந்துவிடும். பெண்ணாக இருந்தால் அவளுக்கு முட்டையிட இருப்பது சில இரவுகள்தான்.